நிலாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: வானியல் படம் வரைவோருக்கும் வெளியிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

பாடநூல்களுக்குப் படம் வரைபவர்களே, அந்தப் படங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவினரே, செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் அறிவியல் பக்கத்துக்குப் படம் தேடுபவர்களே, விண்வெளி நிறுவனங்களின் செய்திப் பிரிவில் வேலை செய்பவர்களே,

வணக்கம்.

என்னிடம் ஒரு கூடைப்பந்தும் ஒரு டென்னிஸ் பந்தும் இருக்கின்றன. நான் விளையாட்டு வீரன் இல்லை. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாணவர்களிடமும் பெரியவர்களிடமும் போகும்போதெல்லாம் இந்த இரண்டு பந்துகளையும் பையில் போட்டுக்கொள்கிறேன். கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலா. குறுக்களவு விகிதம் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டையும் ஒருவர் கையில் கொடுத்து, “நிலா எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டுமோ அவ்வளவு தள்ளிப் பிடியுங்கள்” என்பேன். சிலர் ஒரு சாண் தள்ளிப் பிடிப்பார்கள். துணிச்சல்காரர்கள் கையை முழுவதும் நீட்டுவார்கள். இதுவரை ஒருவர்கூட நடந்துபோகத் தொடங்கியதில்லை. நடக்க வேண்டும் என்பதுதான் விடை: ஏழு மீட்டருக்குச் சற்று மேல். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.

டென்னிஸ் பந்தை வாங்கிக்கொண்டு நான் நடந்துபோய் அந்தக் கோடியில் நிற்கும்போது ஒரு மௌனம் விழும். பிறகு யாராவது, பெரும்பாலும் ஆசிரியர்தான், “புத்தகத்தில் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே” என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் இந்த மடலை எழுதவைத்தது. பூமிக்கும் நிலாவுக்கும் இடையே முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம் என்பது எல்லாப் பாடநூல்களிலும் எண்ணாக இருக்கிறது: 3,84,400 கிலோமீட்டர். எண்ணைப் படித்தவர் எண்ணை மறந்துவிட்டார். படத்தைப் பார்த்தவர் படத்தை மறக்கவில்லை. நீங்கள் வரைந்தது அவர் தலைக்குள் வானமாக உட்கார்ந்துகொண்டது.

“இடவசதிக்காக நெருக்கி வரைந்தோம், அடியில் ‘அளவுப்படி அல்ல’ என்று போட்டிருக்கிறோமே” என்பீர்கள். தெரியும். அந்த இரண்டு சொற்களை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் எந்த அளவு தவறு, எவ்வளவு தவறு என்று அவை சொல்வதில்லை. விளைவு சின்னதாக இருந்தால் நானும் பேசாமல் இருப்பேன். ஆனால் பாருங்கள்: நிலாவைப் பூமிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து வரைந்தவுடன், பார்ப்பவர் மனத்தில் இயல்பாக எழும் கேள்வி, “அப்படியானால் பூமியின் நிழல் மாதாமாதம் நிலாமேல் விழ வேண்டுமே?” என்பது. அந்தப் படத்தின்படி விழத்தான் வேண்டும். அதனால்தான் படித்தவர்களில் பலர் தேய்பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்று இன்றும் நம்புகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. உங்கள் படத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

என் பந்துகளோடு திரும்ப வருகிறேன். ஏழு மீட்டருக்கு அப்பால் நிற்கும் அந்த டென்னிஸ் பந்து, பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்வான பாதையில் போகிறது. அந்தத் தூரத்தில் 5 டிகிரி என்பது சுமார் 65 சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே. அந்த இடத்தில் பூமியின் கரு நிழலின் அகலமோ 17 சென்டிமீட்டர்தான். இதைக் கையால் காட்டிய மறுகணமே, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை என்று நான் சொல்லத் தேவையே இல்லாமல் போகிறது. பந்தை இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் தூக்குவதைப் பார்த்தவுடன் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பத்தி விளக்கம் செய்யாததை இரண்டு பந்துகளும் சரியான தூரமும் செய்கின்றன.

பிறைகளுக்கென்று நீங்கள் போடும் அந்த வட்டப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் பூமி, சுற்றி எட்டு நிலாக்கள், அவற்றுக்கு வெளியே இன்னும் எட்டு நிலாக்கள். உள்வட்டம் வானத்தின் உச்சியிலிருந்து பார்த்தது. வெளிவட்டம் பூமியில் நின்று பார்த்தது. இரண்டு இடங்களில் நிற்கும் இரண்டு கண்களை ஒரே தாளில் ஒட்டிவிட்டு, எந்தக் கண் எங்கே நிற்கிறது என்று சொல்லாமல் விட்டால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? பதினாறு நிலாக்களையும் மனப்பாடம் செய்யும்.

பருவ காலங்களும் இதே கதைதான். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டம் என்று எழுதிவிட்டு, அதை முட்டையைவிட நீளமாக வரைகிறீர்கள். சாய்கோணத்தில் பார்ப்பதுபோல் வரைந்திருப்பதால் அப்படித் தெரிகிறது என்று வரைந்தவருக்குத் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது. உண்மையில் அந்தப் பாதையை 10 சென்டிமீட்டர் குறுக்களவில் வரைந்தால், நீள அச்சுக்கும் குறுக்கு அச்சுக்கும் உள்ள வேறுபாடு 0.014 மில்லிமீட்டர். நீங்கள் அச்சடிக்கும் தாளின் தடிமன்கூட அதைவிடப் பல மடங்கு. கவராயத்தால் ஒரு வட்டம் போட்டு, சூரியனை மட்டும் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தி வைத்தால் போதும், அதுதான் நேர்மையான படம். அதற்குப் பதில் நீண்டு நெளியும் அந்த முட்டையைப் பார்த்தவர், சூரியனுக்கு அருகில் போனால் கோடை, விலகினால் குளிர் என்று முடிவுக்கு வருகிறார். 1987இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளன்று, பட்டதாரிகளும் பேராசிரியர்களும் முன்னாள் மாணவர்களுமாக 23 பேரிடம் பருவம் மாறுவது ஏன், பிறை தோன்றுவது ஏன் என்ற கேள்விகளைக் கேட்டபோது 21 பேர் தவறிய செய்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். வடகோளத்தில் அப்போது குளிர்காலம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, படங்களையே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறு. வானியல் படத்தால் பிறந்த அறிவியல். எழுதுகோலைப் பிடித்த கைதான் பல தடவை கண்ணுக்கு வழிகாட்டியிருக்கிறது.

தாமஸ் ஹாரியட்டின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த இந்தக் கணித மேதை 1609இல், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்து வரைந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு வட்டம், ஒளிக்கும் இருளுக்கும் நடுவே கோணல்மாணலாக ஒரு கோடு, சில கிறுக்கல்கள். அவ்வளவுதான். அதே ஆண்டின் இறுதியில் கலிலியோ பார்த்தார். மையைக் கரைத்துத் தூரிகையால் நிழல் தீட்டினார். ஒளியும் நிழலும் ஒரு மேட்டின்மீது எப்படிப் படியும் என்பதை ஓவியக் கலையில் பழகியிருந்தவர் அவர்; பின்னாளில், 1613இல், ஃபிளாரன்ஸ் நகரின் ஓவியக் கழகமே அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. இருள் பகுதிக்குள் தனித்து மின்னும் புள்ளிகளை அவர் மலையுச்சிகள் என்று புரிந்துகொண்டார். காலை வெயில் முதலில் உச்சியைத்தானே தொடும்? அந்தப் புள்ளி ஒளியின் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை வைத்து மலையின் உயரத்தையும் கணக்கிட்டார். 1610இல் அவர் நூல் வெளிவந்தது. அதன் பிறகு ஹாரியட் வரைந்த நிலாப் படங்களில் பள்ளங்கள் வந்துவிட்டன. நிலா மாறவில்லை, அதை எப்படிப் பார்ப்பது என்பதை ஒரு படம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

கலிலியோவும் உத்தமர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நூலின் நிலாப் படத்தில் ஒரு பெரிய வட்டப் பள்ளம் இருக்கிறது. அவ்வளவு பெரிய பள்ளம் அந்த இடத்தில் கிடையாது. பள்ளத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று காட்டுவதற்காக அதை ஊதிப் பெருக்கிவிட்டார். ஆக, ‘அளவுப்படி அல்ல’ என்ற உங்கள் நோய்க்கு நானூறு ஆண்டுப் பரம்பரை உண்டு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த சூரியப் புள்ளிச் சண்டையைப் படம்தான் தீர்த்தது. கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற பாதிரியார், அந்தக் கரும்புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்றார். கலிலியோ 1612இல் நாள்தோறும் ஒரே அளவு வட்டம் போட்டு, புள்ளிகளை அதனதன் இடத்தில் வரைந்துகொண்டே வந்தார். வரிசையாக அடுக்கிப் பார்த்தால், விளிம்பை நெருங்கும் புள்ளி ஒவ்வொன்றும் ஒல்லியாகிறது, நகர்வும் மெதுவாகிறது. உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒன்றுதான் அப்படித் தெரியும். சொல்லில் எழுதினால் வாதம் நீளும். படங்களை வரிசையாகப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் முடியும்.

இது எனக்கு ஏட்டிலிருந்து மட்டும் தெரிந்ததில்லை. ஒரு மாலை, அரை நிலாவைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பத்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தையிடம் பென்சிலையும் தாளையும் கொடுத்து, “பார்த்தது போதும், ஒரே ஒரு பள்ளத்தை மட்டும் வரை” என்றேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், குனிந்து வரைந்தாள், அழித்தாள், மறுபடி பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். மூன்றாவது முறை நிமிர்ந்து, “இது தப்பாக இருக்கிறது, வெளிச்சம் வருகிற பக்கம்தான் இருட்டாக இருக்கிறது” என்றாள். அவள் முதலில் வரைந்தது மேடு. மேட்டில் வெளிச்சம் படும் பக்கம் வெளுத்திருக்கும். பள்ளத்திலோ சூரியன் பக்கத்துச் சுவர் இருண்டும், எதிர்ச்சுவர் பளிச்சென்றும் இருக்கும். அது பள்ளம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனால் அவளுக்கு அது பள்ளமானது பென்சில் முரண்டு பிடித்த அந்தக் கணத்தில்தான்.

(படப் பிரிவினருக்கு மட்டும் ஒரு குறுக்குச் செய்தி: வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் கண் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறது. ஆகவே நிலாப் பள்ளத்தின் படத்தைத் தலைகீழாக அச்சிட்டால் பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியும். பக்க அமைப்புக்காகப் படத்தைச் சுழற்றுவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள்.)

கை வரைந்தால் கண் தெளியும் என்று சொல்லிவிட்டேன். கை வரைந்ததால் கண் கெட்ட கதையும் உண்டு. 1877இல் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் செவ்வாய்மேல் மெல்லிய கோடுகளை வரைந்தார். அவர் தம் இத்தாலிய மொழியில் இட்ட ‘கனாலி’ (நீர்த்தடங்கள்) என்ற பெயர் மற்ற மொழிகளில் ‘கால்வாய்’ ஆயிற்று. பெர்சிவல் லோவல் அதற்கென்றே ஆய்வகம் கட்டி, கால்வாய் வெட்டிய நாகரிகத்தையே கற்பனை செய்தார். படம் ஒன்று, அடுத்தவர் பார்வையை வளைத்தது. அவர் வரைந்த படம் அதற்கடுத்தவர் பார்வையை வளைத்தது. கிரீன்விச் ஆய்வகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மாண்டருக்கு இதில் சந்தேகம். 1903இல் அவர் செய்த சோதனை அற்புதமானது. பள்ளிச் சிறுவர்கள் முன்னால் ஒரு வட்டத்தை மாட்டினார். அதில் கோடே கிடையாது. ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் மட்டுமே. பார்த்ததை வரையச் சொன்னார். மிக அருகில் இருந்தவர்கள் புள்ளிகளையே வரைந்தார்கள். இடைத் தொலைவில் இருந்தவர்களில் பலர் கால்வாய்களை வரைந்து கொடுத்தார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் பெரியவர்கள் சொன்னதை அவர் அளந்து காட்டிவிட்டார்.

அதே மாண்டர், மறு ஆண்டே, தம் மனைவி ஆனியோடு சேர்ந்து ஒரு படம் போட்டார். ஆனியும் கிரீன்விச்சில் கணக்கிடும் வேலையில் இருந்தவர். திருமணம் ஆனதால் அந்தக் கால விதிப்படி வேலையை விட நேர்ந்தவர். சூரியப் புள்ளிகள் சூரியனின் எந்த அட்சரேகையில் தோன்றின என்று பல ஆண்டுப் பதிவுகளை எடுத்து, கிடையில் காலம், செங்குத்தில் அட்சரேகை என்று வைத்துச் சின்னச் சின்னக் கோடுகளாகப் பதித்துக்கொண்டே போனார்கள். முடிவில் தாளில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு சுழற்சியும் ஏறத்தாழ 11 ஆண்டு. புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து தள்ளித் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நோக்கி இறங்குகின்றன. அட்டவணையில் அது எத்தனை காலமாகவோ கிடந்தது. வரைந்த பிறகுதான் சிறகு விரித்தது. கோடு இல்லாத இடத்தில் கோடு காணும் கண்ணைக் கையும் களவுமாகப் பிடித்த அதே மனிதர், உண்மையிலேயே இருக்கும் ஓர் ஒழுங்கைக் கண்ணுக்குக் கொண்டுவந்தார். வண்ணத்துப்பூச்சிப் படத்தில் ஒவ்வொரு கோடும் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியும். அச்சுகளில் எண் இருக்கிறது. கால்வாய்ப் படத்தில் அது கிடையாது. நீங்கள் வெளியிடும் எந்தப் படத்தையும் நான் இந்தத் தராசில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

இந்தத் தராசில் உங்கள் வண்ணப் படங்கள் எப்படி நிற்கின்றன என்று சொல்கிறேன்.

ஹப்பிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த, தூண்கள்போல் எழும் அந்த வாயு மேகப் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கேமரா எடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் விடும் வடிப்பான் வழியாக எடுத்தது. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனின் ஒளிக்குப் பச்சை, ஆக்சிஜனின் ஒளிக்கு நீலம் என்று நிறம் கொடுத்துச் சேர்த்தார்கள். ஹைட்ரஜன் அங்கே உண்மையில் வீசுவது 656 நானோமீட்டர் ஒளி, நல்ல சிவப்பு. கந்தகமும் அதையடுத்த சிவப்புதான். இரண்டையும் அப்படியே சிவப்பாக விட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறியவே முடியாது. ஆகவே இது ஏமாற்று வேலை இல்லை. அந்த நிறங்கள் வாயுக்களின் வரைபடம். நிலப்படத்தில் நாடுகளுக்கு நிறம் கொடுப்பது போன்றது. ஆனால் நிலப்படத்தைப் பார்த்து எந்த நாட்டின் மண்ணும் இளஞ்சிவப்பு என்று யாரும் நம்புவதில்லை. இந்தப் படத்தைப் பார்த்து விண்வெளியே பச்சையும் பொன்னுமாக இருக்கிறது என்று நம்புகிறார்கள். பிறகு என் தொலைநோக்கியில் குனிந்து, சாம்பல் நிறப் புகைபோல் ஒன்றைப் பார்த்துவிட்டு, “நிறம் எங்கே?” என்று ஏமாற்றத்தோடு நிமிர்கிறார்கள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டியவன் நான், நீங்கள் இல்லை.

நிலப்படத்தின் ஓரத்தில் நிற விளக்கம் இருக்கும். உங்கள் படத்தில் ஏன் இல்லை? “கீழே குறிப்பில் எழுதியிருக்கிறோம்” என்றால், நெப்டியூனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1989இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில், மங்கலான மேகங்களும் பட்டைகளும் தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தையும் மாறுபாட்டையும் கூட்டினார்கள். அப்படிக் கூட்டியதைக் குறிப்பில் எழுதியும் வைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. படம் உலகம் சுற்றியது. குறிப்பு கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நெப்டியூன் கருநீலம், யுரேனஸ் வெளிர்பச்சை என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தோம். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியபோது, இரண்டும் ஏறத்தாழ ஒரே பச்சை கலந்த வெளிர்நீலம், நெப்டியூன் ஒரு துளி கூடுதல் நீலம், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தோம் என்று பன்மையில் எழுதியது மரியாதைக்காக இல்லை. அந்தக் கருநீல உருண்டையை நானும் எத்தனையோ மாலைகளில் திரையில் காட்டியிருக்கிறேன்.

படத்திலிருந்து குறிப்பு உதிரும். அது இயற்கை விதி. வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், அனுப்புவார்கள். உதிராமல் இருக்க வேண்டியதைப் படத்துக்கு உள்ளேயே வைக்க வேண்டும். மூலையில் மூன்று சிறு நிறக் கட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன். அடியில் ஓர் அளவுகோல்: இத்தனை ஒளியாண்டு. அழகு கெடும் என்று வடிவமைப்பாளர் சொல்வார். நிலப்படம் அழகாக இல்லையா?

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். 2017 அக்டோபரில், வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் வந்துபோன முதல் பொருளைக் கண்டுபிடித்தார்கள்: ஓமுவாமுவா. உலகின் எந்தத் தொலைநோக்கியிலும் அது ஒரு புள்ளி. புள்ளியைத் தவிர வேறெதுவும் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் ஒளி சுமார் 10 மடங்கு ஏறி இறங்கியது. எனவே அது ஏதோ ஒரு திசையில் நீண்டோ தட்டையாகவோ இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். ஆனால் நீங்கள் அச்சிட்டது என்ன? செம்பழுப்பு நிறத்தில், பொரிந்த மேற்பரப்போடு, சுருட்டுபோல் நீண்ட பாறை. விரிசல்கள்கூடத் தெரிந்தன. ‘ஓவியரின் கற்பனை’ என்ற சொற்கள் வழக்கம்போல் வழியில் உதிர்ந்துவிட்டன. பின்னர் வந்த கணிப்புகள், அது சுருட்டைவிடத் தட்டுபோல் இருப்பதே பொருத்தம் என்றன. யார் காதில் விழும்? சுருட்டைத்தான் எல்லோரும் ‘பார்த்துவிட்டார்களே’. லோவலின் கால்வாய் ஒரு மனிதரின் பிழை. அவர் உண்மையாகவே அதைக் கண்டதாக நம்பினார். இந்தச் சுருட்டைக் கண்டதாக நம்பியவர் அதை வரைந்தவர்கூட இல்லை.

அந்த ஒளி ஏறி இறங்கும் வரைபடத்தை ஏன் அச்சிடவில்லை? புரியாது என்பதாலா? ஒரு பாறை உருண்டு புரள்வதால் மினுக்கிமினுக்கித் தெரிகிறது என்பதைவிட எளிய செய்தி உண்டா? டிராப்பிஸ்ட்-1 விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்கள் 2017இல் அறிவிக்கப்பட்டபோதும் இதே கூத்துதான். அந்தக் கோள்களுக்குக் கடலும் பனியும் மேகமும் தீட்டி வெளியிட்டார்கள். ஆனால் கண்டது, அந்த விண்மீனின் ஒளி ஒரு சதவீதத்துக்கும் குறைவாக, கடிகாரம் தவறாமல் மங்கி மங்கி மீண்டதை. ஒரு நேர்க்கோட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழியின் ஆழம் கோளின் பருமனைச் சொல்கிறது. குழிகளுக்கு இடையிலான காலம் அதன் ஆண்டைச் சொல்கிறது. பல ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள கோளின் ஆண்டை ஒரு சிறுவன் அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். அந்த இன்பத்தை அவனிடமிருந்து பறித்துவிட்டு, யாரும் காணாத கடலைக் கொடுக்கிறீர்கள்.

வரைபடம் என்றால் வாசகர் பயந்து ஓடுவார் என்பது நம் தொழிலில் ஊறிப்போன ஒரு நம்பிக்கை. நான் அதை ஏற்கவில்லை. ஹென்றியெட்டா லெவிட் 1912இல், ஒளி கூடிக் குறைந்து துடிக்கும் 25 விண்மீன்களைத் தாளில் புள்ளிகளாக வைத்தார். துடிக்கும் காலம் கூடக்கூட ஒளியும் கூடுகிறது என்று அவை ஒரு நேர்க்கோட்டில் போய் நின்றன. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளந்தார்கள். 1967இல் ஜோஸலின் பெல், நாளொன்றுக்குச் சுமார் முப்பது மீட்டர் நீளத்துக்கு ஓடிவரும் காகிதச் சுருளில், ஒரு விரல்நுனி அகலம்கூட இல்லாத ஒரு கிறுக்கலைக் கவனித்தார். அதிலிருந்து ‘பல்சார்’ எனப்படும் துடிப்பு விண்மீன்கள் கிடைத்தன. எட்வின் ஹப்பிளின் 1929ஆம் ஆண்டு வரைபடத்தையும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். 24 மண்டலங்கள், சிதறிக் கிடக்கும் புள்ளிகள், நடுவே துணிந்து இழுத்த கோடு. வேகத்தைக் குறிக்கும் அச்சில் ‘கிலோமீட்டர்’ என்று மட்டும் இருக்கிறது. ‘ஒரு விநாடிக்கு’ விட்டுப்போயிற்று. பிரபஞ்சம் விரிவதைக் காட்டிய படத்திலேயே அலகுப் பிழை. மாணவர்கள் இதைக் கேட்டு எவ்வளவு மகிழ்வார்கள் தெரியுமா? அலகு எழுத மறந்ததற்காக மதிப்பெண் இழந்த அத்தனை பேருக்கும் ஓர் ஆறுதல்.

எண் எப்படிப் படமாகிறது என்பதைக் கண்முன் காட்டிய ஒரு சம்பவத்தை நான் எங்கே போனாலும் சொல்வேன். 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயை நெருங்கிப் படம் எடுத்தது. ஒரு படத்துக்கு 200க்கு 200 புள்ளிகள். ஒரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். கணினி அதைப் படமாக்கித் தரும்வரை காத்திருக்கப் பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. வந்த எண்களை நீளமான காகிதப் பட்டைகளில் அச்சிட்டு, சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டி, கடையிலிருந்து வண்ணக் கட்டிகளை வாங்கிவந்து, இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று தீர்மானித்துக்கொண்டு கையாலேயே தீட்டத் தொடங்கிவிட்டார்கள். விண்கலத்திலிருந்து வந்த முதல் செவ்வாய்ப் படம் அப்படித்தான் சுவரில் தோன்றியது, பழுப்பும் மஞ்சளுமாக. அருகில் போனால் ஒவ்வொரு நிறத்துக்கு அடியிலும் எண் தெரியும். இதைவிட நேர்மையான வானியல் படத்தை நான் பார்த்ததில்லை. எண்ணும் நிறமும் ஒன்றை விட்டு ஒன்று பிரிய முடியாது. இதை ஒரு பாடமாக வைத்து, கட்டம் போட்ட தாளும் எண்களும் கொடுத்துப் பிள்ளைகளையே தீட்டச் சொல்லலாம். செலவு வண்ணப் பென்சில் மட்டும்.

கருந்துளைப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் திட்டுவீர்கள். 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான அந்த ஆரஞ்சு வளையத்துக்கு நிறம் மனிதர் கொடுத்தது; பிடித்தது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை. எனக்குப் பிடித்தது நிறம் இல்லை. தரவைப் படமாக்கும் வேலையை நான்கு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்து, ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று விதித்தார்களே, அதுதான். ஆசைப்பட்டதைக் கண் கண்டுவிடுமோ என்ற அச்சம். மாண்டர் இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பார். நான்கு படங்களிலும் வளையம் வந்த பிறகே வெளியிட்டார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1979இல், ழான்-பியர் லுமினே கணினி தந்த எண்களை வைத்துக்கொண்டு இந்திய மையால் புள்ளி புள்ளியாகக் கையாலேயே ஒரு கருந்துளையை வரைந்திருந்தார். அதுவும் யாரும் காணாததை வரைந்ததுதான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. சுருட்டுக்குப் பின்னால் இருந்தது என்ன?

ஆகவே நான் கேட்பது கற்பனையை நிறுத்தச் சொல்லி இல்லை. கற்பனைப் படம் போடும்போது, அளந்தது இது, ஊகித்தது இது என்று கோட்டிலேயே வேறுபாடு காட்டுங்கள். கட்டட வரைபடத்தில் மறைந்திருப்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டுகிறார்களே, அப்படி. ஓமுவாமுவாவைப் புள்ளிக்கோட்டால் வரைந்து, சுருட்டு ஒன்று தட்டு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே அந்த ஒளி வரைபடத்தைப் போட்டிருந்தால் வாசகரும் விவாதத்துக்குள் வந்திருப்பார். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் உங்கள் வாசகர்களில் நிச்சயம் உண்டு. பார்வையே இல்லாதவர்களும் உண்டு. வாண்டா டியாஸ்-மெர்செட் என்ற வானியலாளர் பார்வையை இழந்த பின் தரவை ஒலியாக மாற்றிக் கேட்டு ஆய்வைத் தொடர்ந்தவர். தொட்டு உணரும் புடைப்புப் படங்களும் இப்போது செய்கிறார்கள். இதை ஒரு சலுகையாக நினைக்க வேண்டாம். ஒரு படத்தைக் கண் தெரியாதவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள்; எந்தப் பகுதி அறிவியல், எந்தப் பகுதி வெறும் மினுமினுப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

பாடநூல் குழுவினருக்குத் தனியாக ஒன்று. ஒவ்வொரு வானியல் பாடத்திலும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். ‘இன்றிரவு நிலாவைப் பார்த்து இங்கே வரைக, ஒரு வாரம் கழித்து மறுபடி வரைக’ என்று மட்டும் எழுதுங்கள். வரையத் தெரியாத பிள்ளை என்று யாரும் இல்லை. முதல் நிலா ஹாரியட்டின் நிலாபோல்தான் இருக்கும்.

இந்த மடலோடு ஒரு காகிதப் பட்டையையும் இணைத்திருக்கிறேன். இடது கோடியில் 1 சென்டிமீட்டர் குறுக்களவில் பூமி. வலது கோடியில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத நிலா. இடையே 30 சென்டிமீட்டர். சூரியனையும் சேர்க்கலாம் என்று பார்த்தேன். அது ஒரு மீட்டருக்கு மேல் அகலம், 117 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், உறைக்குள் அடங்கவில்லை. அடுத்த விண்மீனை வைக்க இந்த அளவிலும் 31,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

பூமியும் நிலாவும் உங்களால் முடியும். பாடநூலைத் திறந்து வைத்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் வரும், அளந்து பார்த்துவிட்டேன். இடப்பக்க ஓரத்தில் பூமியையும் வலப்பக்க ஓரத்தில் நிலாவையும் அச்சிடுங்கள். நடுவில் இருக்கும் வெறுமையைப் பார்த்து வடிவமைப்பாளர் ஒரு விண்கலத்தையோ வால்மீனையோ அங்கே வைக்கலாமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
இரண்டு பந்துகளோடும் ஒரு தொலைநோக்கியோடும் அலையும் உங்கள் வாசகன்